ஜீப்பின் சத்தமும் உன் மாமாவும்

சேகர்,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறை ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. யாராவது பிரித்துப் படித்திருப்பார்களோ என்று தபால்காரரை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். அவர் வெயிலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "சார், உங்க பையன் பசையைச் சரியா தடவியிருக்க மாட்டாரு. என்னைக் கேட்டா எப்படிங்க?" என்று சலித்துக்கொண்டார். என் குணம் உனக்குத் தெரிந்ததுதான். பால்காரர் தண்ணீர் கலக்கிறாரா என்று பார்ப்பேன், அவர் கலக்கவில்லை என்று தெரிந்தால் ஏன் கலக்கவில்லை என்று யோசிப்பேன். நீங்களெல்லாம் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஆனால் சிரிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நீ இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய். ஒன்று, அணைக்கட்டு வேலை நடக்கும் இடத்தில் உன் பொறுப்பில் விட்டிருக்கும் பழைய ஜீப். டிரைவர் மாரியப்பன் போன மாதம் வண்டிக்கு அடியில் படுத்து எதையோ கழற்றி மாட்டினான், அதிலிருந்து இருபத்தைந்து மைல் வேகத்தைத் தாண்டினால் ஊளையிடுகிறது, கிளட்சை விடும்போது அடியில் இடிக்கிறது, நல்ல சாமானை எடுத்துக்கொண்டு தேய்ந்ததைப் போட்டுவிட்டான் போலிருக்கிறது, மேலே எழுதிவிடப் போகிறேன் என்கிறாய். இன்னொன்று உன் கல்யாணம். மாலை எடுத்துக் கொடுத்து மணவறைக்கு அழைத்து வரத் தாய்மாமன் வேண்டும், அப்பா நேரில் போய் செல்வராசு மாமாவுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும், உங்கள் இருவருக்கும் நடுவில் என்னதான் நடந்தது என்று இப்போதாவது சொல்லுங்கள் என்கிறாய். இரண்டையும் தனித்தனியாக நினைத்து எழுதியிருக்கிறாய். என்னைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே விஷயம். இதைப் படித்து முடிக்கும்வரை மாரியப்பனைப் பற்றி யாருக்கும் ஒரு வரிகூட எழுதாதே.

நம்மிடம் இருந்த ஜீப் உனக்கு ஞாபகம் இருக்கும். உலகச் சண்டை முடிந்த பிறகு ராணுவம் கழித்துவிட்ட வண்டி. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து நான் வாங்கினேன். கொள்ளிடத்து மணலில் அளவெடுக்க வருகிறவர்களுக்கும், மண்ணச்சநல்லூர் அரிசி மில்காரர்கள் சேற்று வழியாகக் களத்துமேட்டுக்குப் போவதற்கும் அதைத்தான் வாடகைக்கு விட்டேன். மற்ற கார்கள் சிக்கிக்கொள்ளும் இடத்தில் அது போகும். முன் சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதற்கு ஒரு தனி லீவர் உண்டு. அதைத் தள்ளினால், கியர் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு பெட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டத்தைப் பிரித்துக் கொடுக்கும். டிரான்ஸ்பர் என்போம். நம் ஜீப்பில் அந்த டிரான்ஸ்பர்தான் முதலில் போனது. ஐம்பதுகள் முடியப்போகும் சமயம் அது.

செல்வராசு அப்போது பொன்மலையில் குடியிருந்தான். ஒரு பெரிய பட்டறையில் ஃபிட்டர். எந்தப் பட்டறை என்பது இங்கே வேண்டாம், அவர்கள்மேல் ஒரு தப்பும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளை மிதித்துக் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்துக்கு வருவான். அக்கா கையால் சாப்பிட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு அடியில் போய்விடுவான். டிரான்ஸ்பரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பல்லு மழுங்கிருச்சு அத்தான். புது கியர் வாங்கிக் குடுங்க, நான் பண்ணித் தரேன்" என்றான். பாலக்கரையில் கிரீஸ் தாளில் சுற்றியபடியே புது கியர்கள் கிடைத்தன. வாங்கிக் கொடுத்தேன். தெருப் புழுதியில் வைத்துச் செய்ய முடியாது என்று பெட்டியோடு எல்லாவற்றையும் பொன்மலைக்கு எடுத்துக்கொண்டு போனான். ஒரு வாரம் அவனிடம் இருந்தது. என் கண் முன்னால் நடக்காத அந்த ஒரு வாரம் எனக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது. பழைய கியர்களையும் அவன் திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, "இருக்கட்டும் அத்தான், அளவு பாக்க உதவும்" என்றான்.

பெட்டியை மாட்டிக் கொடுத்துவிட்டு அவன் கை கழுவப் போனதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பெயிண்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு அடியில் போய், ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெட்டியிலும் சேர்ந்தாற்போல ஒரு பொட்டு வைத்தேன். எனக்குத் தெரியாமல் யாராவது திறந்தால் பொட்டு விலகிக் காட்டிக் கொடுக்கும். அன்று வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. அப்போதே எனக்கு அவன்மேல் சந்தேகம் இருந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் வந்தது. நான் உனக்குச் சொல்ல நினைப்பதே இதுதான் சேகர். சத்தம் கேட்டதால் நான் சந்தேகப்படவில்லை. சந்தேகம் முதலில் தயாராக உட்கார்ந்திருந்தது, பிறகு சத்தம் வந்து அதற்குச் சாட்சி சொன்னது.

இரண்டு மாதம் கழித்து அது ஆரம்பித்தது. வேகம் கூடக் கூட ஊஊ என்று ஏறும் ஒரு ஓலம். புறப்படும்போது அடியில் டொக்கென்று ஓர் இடி. டிரான்ஸ்பர் லீவருக்குப் பக்கத்தில் கையை வைத்தால் அதிர்ந்தது. எனக்கு அது போதுமாக இருந்தது. புது கியரை எங்கேயோ தள்ளிவிட்டுப் பழையதையே தேய்த்துப் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அடித் தகடு முழுவதும் ஒரே தப்பட்டை மாதிரி. சத்தம் ஓரிடத்தில் பிறக்கும், வேறோரிடத்தில் கேட்கும். ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்கும்போது வருகிறதா, காலை எடுத்து உருள விடும்போது வருகிறதா என்று பார்க்க வேண்டும். கிளட்சை மிதித்து உருண்டாலும் ஓலம் மாறாமல் இருந்தால் அது இன்ஜினுடையது இல்லை. வளைவில் ஒரு பக்கம் மட்டும் கூடினால் சக்கரத்துப் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எண்ணெயை வெள்ளைத் துணியில் வடித்தால், பல் உடைந்திருக்கும் பட்சத்தில் இரும்புத் தூள் மின்னும். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். ஒன்றையும் செய்யவில்லை. எண்ணெயை மட்டும் வடித்துப் பார்த்தேன். தூள் இல்லை. இருந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. பொட்டுகளும் விலகவில்லை. அதற்கும் ஒரு பதில் கண்டுபிடித்தேன்: மாற்றுவதை அந்த முதல் வாரமே மாற்றிவிட்டான், இனி எதற்குத் திறக்கப் போகிறான்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தபோது பக்கத்தில் உட்கார வைத்துக் கொள்ளிடம் பாலம்வரை ஓட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். திரும்பி வந்து இறங்கியதும் அடியில் குனிந்து பார்த்தான். பொட்டுகளை அப்போதுதான் பார்த்திருக்கிறான். எழுந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"அத்தான், எனக்கு ஒரு நாள் முழுசா வண்டியை விடுங்க. நாலு சக்கரத்தையும் தூக்கி வச்சு ஒவ்வொண்ணா சுத்திப் பாக்கணும். டிரான்ஸ்பர்ல இருக்கும்னு தோணல. ஆனா நான் மாட்டினதுதானே, என் கையிலயும் தப்பு இருக்கலாம்."

"எதுக்கு முழு நாள்? எடுத்ததைத் திருப்பி வைக்கவா?" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். உன் அம்மா காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"என்ன சொல்றீங்க அத்தான்?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு. புது கியர் எங்கேன்னு கேக்கறேன்."

அவன் காப்பியைக் குடிக்காமல் சைக்கிளை எடுத்தான். "செல்வராசு, நில்லுடா! அவரு ஏதோ கோபத்துல பேசறாரு" என்று உன் அம்மா தெருமுனைவரை பின்னாலேயே ஓடினாள். அவன் நிற்கவில்லை. உனக்கும் ஊருக்கும் தெரிந்த கதை இவ்வளவுதான். ஒரு வார்த்தை தடித்துவிட்டது, மாமா ரோஷக்காரன், அதனால் வருவதில்லை. உன் அம்மாவும் அப்படித்தான் நம்பினாள். நடந்தது அதோடு நிற்கவில்லை.

அவன் கோபித்துக்கொண்டு போனது எனக்கு இன்னொரு சாட்சியாகிவிட்டது. குற்றம் இல்லாதவன் நின்று பேசியிருப்பானே என்று நினைத்தேன். மூன்று நாள் அதையே மென்றேன். நான்காம் நாள் உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தபோது, இடது கையால் ஒரு மொட்டைப் பெட்டிஷன் எழுதினேன். செல்வராசு பட்டறைச் சாமான்களை வெளியே கடத்துகிறான், வெளியார் வண்டிகளுக்குப் போடுகிறான், ஸ்ரீரங்கத்தில் இருக்கும் ஒரு ஜீப்பில் அவன் கைவரிசையைப் பார்க்கலாம், அதன் போல்ட்டுகளில் சிவப்புப் பெயிண்ட் வைத்திருக்கிறது, ஆகவே அவன் மறுபடி திறந்தால் தெரிந்துவிடும் என்று எழுதினேன். சந்தேகக்காரனுக்குத் தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஸ்ரீரங்கத்துத் தபால் பெட்டியில் போட்டால் முத்திரை காட்டிக் கொடுத்துவிடும் என்று பாலக்கரைக்குப் போய்ப் போட்டேன்.

பட்டறை வாசலில் ஷிப்ட் முடிந்து நூற்றுக்கணக்கான பேர் வெளியே வரும்போது அவனை மட்டும் நிறுத்திச் சைக்கிளில் தொங்கிய சாக்குப் பையை அவிழ்த்திருக்கிறார்கள். உள்ளே மூன்று கியர்கள். பல் மழுங்கிய, நம் ஜீப்பின் பழைய கியர்கள். நான் அவன்மேல் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தபோது அவன் தன் கையையே சந்தேகப்பட்டிருக்கிறான். புதிய கியரைப் பொருத்தியதில் இடைவெளி தவறிவிட்டதோ என்று, பழைய பல்லில் தேய்மானம் விழுந்திருக்கும் விதத்தை அனுபவமுள்ள ஒரு ஃபிட்டரிடம் காட்டிக் கேட்கத்தான் அவற்றை எடுத்துக்கொண்டு போனான். பட்டறைச் சாமான் இல்லை என்று நிரூபணமாக மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதமும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு வர வேண்டிய மேஸ்திரி வேலை இன்னொருவருக்குப் போய்விட்டது. பையில் என்ன இருந்தது என்று கேள்விப்பட்ட அன்றாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பழைய கியர் அவன் பையில் இருந்தால் என் வண்டிக்குள் இருப்பது புதியதுதானே? நான் என்ன நினைத்தேன் தெரியுமா, வேறு எதையோ எடுத்திருப்பான், அது அகப்படவில்லை என்று.

அந்த வருஷக் கடைசியில் மண்ணச்சநல்லூர்ச் சாலையில் ஜீப் நின்றது. ஓலம் போட்டுக்கொண்டே வந்தது, ஒரு மில் வாசலில் இரண்டு முறை பலமாக இடித்தது, டிரான்ஸ்பர் லீவர் முன்னும் வரவில்லை, பின்னும் வரவில்லை. கல்லில் பதித்த மாதிரி நின்றுவிட்டது. அந்த மில்லில் இன்ஜின் பார்க்கும் இப்ராகிம் பாய் வெளியே வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"முன் சக்கரத்தையும் சேத்துப் போட்டுக்கிட்டா தார் ரோட்டுல வர்றீங்க?"

"ஆமா பாய். நாலும் இழுத்தா வண்டிக்குப் பலம்தானே?"

"மணல்ல பலம். இங்க சண்டை. ஏறி உக்காந்து பத்தடி பின்னால எடுங்க."

எடுத்தேன். அடியில் என்னவோ நெட்டி முறித்த மாதிரி ஒரு சத்தம். லீவர் விரலால் தொட்டதும் விலகியது. பாய் ஒரு சுண்ணாம்புக் கட்டியைக் கொண்டுவந்து, முன் டயரிலும் பின் டயரிலும் தரையைத் தொடும் இடத்தில் கோடு போட்டார். மெதுவாக முன்னால் உருட்டச் சொன்னார். முன் சக்கரம் பத்துச் சுற்றுச் சுற்றி முடித்தபோது, பின் சக்கரத்துக் கோடு இன்னும் கால் சுற்றுக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தது.

"பின் டயர் பெரிசு. யாரு மாட்டினது?"

நான்தான் மாட்டினேன் சேகர். ஒரு மில்காரர் தம் வண்டியிலிருந்து கழற்றிய இரண்டு டயர்கள், கொஞ்சம் பருமனாக இருந்தாலும் பட்டன் தேயாமல் நல்ல பிடிப்போடு இருந்தன. செல்வராசு டிரான்ஸ்பரை மாட்டி இரண்டு மாதம் கழித்துத்தான் அவற்றைப் போட்டேன். அந்த வாரமேதான் சத்தமும் தொடங்கியது. நாலும் இழுக்கட்டும் என்று முன் லீவரையும் எப்போதும் தள்ளியேதான் ஓட்டினேன். முன் சக்கரம் ஒரு கணக்கில் சுற்ற, பின் சக்கரம் வேறு கணக்கில் சுற்ற, தார்ச் சாலையில் டயர் வழுக்கிக்கொடுக்க முடியாமல் அந்த முறுக்கு முழுவதும் நடுவில் இருக்கும் பெட்டியில் போய் விழுந்திருக்கிறது. கியர் ஓலமிட்டது அதனால்தான். பெட்டியிலிருந்து முன் சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்டின் மூட்டுகள், கிராஸ் என்போமே, அவை ஆடிப்போய் இடித்ததும் அதனால்தான். அவன் செய்த வேலை நன்றாக இருந்ததால்தான் அத்தனை மாதம் தாங்கியது. பாய் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் மில் வாசலில் உமித் தூசிக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். வண்டியில் வந்தவர்கள் கூப்பிட்டது கேட்கவில்லை.

மறுநாள் பொன்மலைக்குப் போனேன். செல்வராசு வேலையில் திரும்பச் சேர்ந்திருந்தான். டயர் விஷயத்தைச் சொன்னேன், தப்பு என்னுடையது என்றேன். பெட்டிஷனைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவன் உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. "கிராஸ் போயிருக்கும். ஞாயித்துக்கிழமை வரேன்" என்றான். வந்தான். நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவு டயர் போடவைத்தான், இரண்டு கிராஸையும் மாற்றினான், டிரான்ஸ்பரைத் திறந்து பல்லைத் துடைத்து எனக்குக் காட்டினான். பாலக்கரையில் நான் வாங்கிய கியர்களேதான். எல்லாம் முடிந்து உன் அம்மா உள்ளே இலை போட்டுக்கொண்டிருந்தபோது, கைக் கறையைத் துணியில் துடைத்தபடி தாழ்ந்த குரலில் சொன்னான்.

"விசாரணையில அந்தப் பெட்டிஷனை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க அத்தான். போல்ட்டுல சிவப்புப் பெயிண்ட் இருக்குன்னு எழுதியிருந்துச்சு. அது வச்சவனுக்குத் தெரியும், அடியில படுத்த எனக்குத் தெரியும். வேற யாருக்கும் தெரியாது."

துணியை மடித்து ஜீப்பின் மேல் வைத்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"யாரு எழுதினதுன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். அக்காகிட்டயும் சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்ல வேண்டாம். அவ உங்களோடதான் வாழணும். ஆனா இனிமே இந்த வீட்டுப் படி ஏற மாட்டேன்."

சாப்பிடாமலே போய்விட்டான். ஒரு வார்த்தைக்கு இவ்வளவு வீம்பா என்று உன் அம்மாவுக்குத் தம்பிமேல் ஆத்திரம். நான் அவளைத் திருத்தவில்லை. அவன் மகள் காதுகுத்துக்கு அழைத்தபோது, "என் வீட்டுக்காரரை மதிக்காதவன் வீட்டுக்கு நான் ஏன் போகணும்?" என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தாள். எனக்காகப் பேசுகிறாள் என்று தெரிந்தும், பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து வருஷத்துக்கு மேலாகிறது. பெட்டிஷன் எழுதியது ஒரு மணி நேரத்துப் புத்திகெட்ட வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். பேசாமல் இருந்தது அப்படியில்லை. அதைத் தினமும் காலையில் எழுந்து புதிதாகச் செய்தேன்.

இதுவரை எழுதியது புதன்கிழமை. மறைத்து வைத்துக்கொண்டு உனக்கு மட்டும் அனுப்புவது இன்னொரு மொட்டைக் கடிதம் மாதிரி இருந்தது. அதனால் நேற்றுக் காலை உன் அம்மாவை உட்கார வைத்து முழுவதையும் படித்துக் காட்டினேன். முறத்தில் இருந்த அரிசியில் கை அப்படியே நின்றுவிட்டது. "அவன் பொண்ணு காதுகுத்துக்கு நான் போகல" என்றாள். அதையே இன்னொரு முறை சொன்னாள்.

"எனக்காக அவன் இத்தனை வருஷம் வாயைத் திறக்காம..." என்று ஆரம்பித்தேன்.

"உங்களுக்காக இல்ல" என்றாள். "எனக்காக."

எழுந்து முகம் கழுவிக்கொண்டு, பத்திரிகையும் குங்குமமும் ஒரு தட்டில் வைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். நானும் வருகிறேன் என்றேன். "வேண்டாம். மொதல்ல நான் அவன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். நீங்க கேக்கறது அப்புறம்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். நான் வாசலில் உட்கார்ந்து, அங்கே என்ன பேசுவார்கள், என்னைப் பற்றி எப்படிப் பேசுவார்கள் என்று ஒவ்வொன்றாகக் கற்பனை செய்துகொண்டிருந்தேன். என் புத்தி எங்கே போகும்? மத்தியானம் திரும்பி வந்தாள். கண் வீங்கியிருந்தது. "வரேன்னான். மாலை அவன்தான் எடுத்துக் குடுப்பான்" என்றாள். என்னைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். "ஒண்ணும் சொல்லல" என்று உள்ளே போனாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், எடுக்கிறாள்.

மாரியப்பன் உண்மையிலேயே சாமானைத் திருடியிருக்கலாம். உலகத்தில் எல்லாரும் செல்வராசு இல்லை. ஆனால் எழுதுவதற்கு முன்னால் அவனையே பக்கத்தில் வைத்துக்கொண்டு வண்டியைப் பார். நான்கு டயரையும் அளந்து பார், கோடு போட்டு உருட்டிப் பார், முன் லீவரை யார் எங்கே தள்ளுகிறார்கள் என்று கவனி, ஷாஃப்டைக் கையால் முறுக்கி ஆட்டிப் பார். "இது உனக்கு எப்படிக் கேக்குது?" என்று அவனிடம் கேள். கேட்டுவிட்டு, அவன் சொல்லி முடிக்கும்வரை பேசாமல் இரு. அப்புறமும் எழுத வேண்டியிருந்தால் எழுது, அடியில் உன் பெயரைப் போட்டு. வரப்போகும் பெண்ணோடும் இப்படியே இரு என்று சொல்ல நினைத்தேன். அதைச் சொல்ல எனக்கு யோக்கியதை போதாது. உன் அம்மாவிடம் கேட்டுக்கொள்.

முகூர்த்தத்தன்று மாமா வந்ததும் முதலில் நீ போய் அவன் காலில் விழு. அவன் உனக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வரும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். பந்தி நடக்கும் இடத்தில் வருகிறவர்களைக் கவனித்துக்கொண்டிருப்பேன். அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் அங்கே இருக்கிறார் என்று சொல், தேட வேண்டாம் என்றும் சொல். தாலி கட்டும் நேரத்தில் செல்வராசு வாயால் என்னைக் கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால், மேளச் சத்தத்தை வைத்து உனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன்.

அப்பா